நூலகப் பட்டியலை இணையத்தில் தேட வைக்க எந்த மென்பொருள்? (11,000 நூல்கள், பெரும்பாலும் தமிழ்)

அலமாரி_7

வணக்கம் நண்பர்களே. ஒரு சின்ன அறக்கட்டளை நூலகத்தில் தன்னார்வலராக இருக்கிறேன். 11,000 நூல்களுக்குக் கொஞ்சம் மேல் இருக்கும். பத்தில் எட்டு தமிழ், மீதி ஆங்கிலம். சம்பளத்துக்கு இருப்பவர்கள் இரண்டே பேர், அவர்களும் அரைநாள்தான் வருகிறார்கள்.

சுமார் 8,000 நூல்கள் ஒரு விரிதாளில் யூனிகோடில் இருக்கின்றன. மீதி 3,000 வின்ஐசிஸ் என்ற பழைய தரவுத்தள மென்பொருளில், அதுவும் யூனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில். நூல் வழங்கல் இன்னும் நோட்டில்தான் நடக்கிறது.

எங்களுக்கு வேண்டியது ஒன்றுதான். வீட்டில் இருப்பவர் கைப்பேசியில் தேடி, "இந்த நூல் இருக்கிறது, இந்த அலமாரியில் இருக்கிறது" என்று தெரிந்துகொண்டு வர வேண்டும். பேருந்து ஏறி வந்து, இல்லை என்று கேட்டுத் திரும்பிப் போகிறவர்களைப் பார்க்கும்போது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

கோஹா என்ற நூலக மென்பொருளைப் போடு என்கிறார்கள் சிலர். அது யானை, உங்களுக்கு எதற்கு என்கிறார்கள் சிலர். நூல் விவரங்களை எண்ணிட்ட புலங்களில் வைக்கும் மார்க் வடிவம் கட்டாயமா? தமிழில் தேடினால் ஒழுங்காகக் கிடைக்குமா? பைத்தான் கொஞ்சம் தெரியும். சர்வர் வேலை தெரியாது.

கருந்திரை

பதில் சொல்வதற்கு முன் நான்கு கேள்வி. எங்கே ஓடப் போகிறது, பகிர்வு ஹோஸ்டிங்கா (பலர் பங்கிடும் சர்வர்), தனி மெய்நிகர் சர்வரா? ஒரே நேரத்தில் எத்தனை பேர் பதிவு போடுவார்கள்? வழங்கலும் பின்னால் இதிலேயே வருமா? நீங்கள் இரண்டு வருஷம் கழித்து இல்லாமல் போனால் யார் பார்ப்பார்கள்?

கடைசிக் கேள்விதான் மற்ற மூன்றையும் தீர்மானிக்கும்.

பட்டியலர்

நூலட்டை எழுதிய காலத்திலிருந்து இந்த வேலையில் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

"நூலக மென்பொருள்" என்று ஒரே பெயரில் மூன்று வேறு சாமான்களைச் சொல்கிறார்கள். கோஹா, எவர்கிரீன் போன்றவை முழு நிர்வாக மென்பொருள்கள்: பட்டியல், வழங்கல், உறுப்பினர், கொள்முதல் எல்லாம் உள்ளே, வாசகர் தேடும் பக்கமான ஓபேக் அதன் ஒரு முகம். வியூஃபைண்ட், பிளாக்லைட் போன்றவை தேடலுக்கு மட்டும்; ஏற்கெனவே இருக்கும் பட்டியலின் மேல் உட்கார்பவை. டிஸ்பேஸ், கிரீன்ஸ்டோன் போன்றவை மின்னூல்கள், ஆய்வேடுகள், வருடிய பக்கங்கள் ஆகியவற்றைச் சேமித்து வைக்க. உங்களிடம் யாராவது டிஸ்பேஸ் போடச் சொன்னால் நன்றி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். அலமாரியில் இருக்கும் அச்சு நூலை வழங்கித் திரும்ப வாங்கும் கணக்கு அதன் வேலையே இல்லை.

கோஹாவை யானை என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அது நியூசிலாந்தில் ஹோரோவெனுவா நூலக அறக்கட்டளைக்காக 1999-இல் எழுதப்பட்டது. பழைய மென்பொருள் 2000-ஆம் ஆண்டுக் கணக்கைத் தாங்காது என்று பயந்து, கையில் இருந்த சின்ன வசதியை வைத்துப் புதிதாக எழுதச் சொன்னார்கள். 2000 ஜனவரியில் ஓடத் தொடங்கியது. கோஹா என்றால் மாவோரி மொழியில் கொடை. ஒரு வட்டார நூலகத்தின் தேவையில் பிறந்தது, பெரிய பல்கலைக்கழகத்தில் இல்லை.

மார்க் கட்டாயமா என்றால், தேடலுக்கு மட்டும் கட்டாயமில்லை. ஆனாலும் நான் மார்க் பக்கம்தான். 1960-களில் ஹென்றியட் ஆவ்ரம் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இதை வடிவமைத்தார். இன்றும் ஒரு நூலகத்தின் பட்டியலை இன்னொரு நூலகம் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்கிறது என்றால் அது அதனால்தான். 100-ஆம் புலத்தில் ஆசிரியர், 245-இல் தலைப்பு, 650-இல் பொருள். பயப்பட ஒன்றுமில்லை. உங்கள் நூல்களுக்குப் பதினைந்து புலங்கள் போதும்.

சின்னவிதை

எங்களுடையது 4,000 நூல். ஸ்லிம்ஸ் போட்டு ஐந்து வருஷமாக ஓட்டுகிறோம். இந்தோனேசியாவில் உருவானது, பிஎச்பியும் மைஎஸ்க்யூஎல்லும் இருந்தால் போதும், சாதாரண பகிர்வு ஹோஸ்டிங்கிலேயே ஓடும். கோஹா அப்படி ஓடாது. அதற்கு டெபியனோ உபுண்டுவோ இருக்கும் தனி சர்வரும் ரூட் அனுமதியும் (சர்வரின் முழு நிர்வாக உரிமை) வேண்டும்.

ஸ்லிம்ஸில் எனக்குப் பிடித்தது, அரைநாள் வருகிற ஊழியர் இரண்டு நாளில் கற்றுக்கொண்டார். திரை எளிமையானது. பிடிக்காததும் சொல்லிவிடுகிறேன். ஒரே ஆசிரியர் பெயர் நான்கு விதமாக உள்ளே போய்விட்டது, அதைச் சேர்த்துக் கட்ட நான் பட்ட பாடு பெரிய பாடு. பதிவு போடும்போது கண்டிப்பு இல்லாவிட்டால் எந்த மென்பொருளும் காப்பாற்றாது என்று அப்போதுதான் உறைத்தது.

குறுந்தரவு

எல்லோரும் சர்வர் பற்றியே பேசுகிறோம். கேட்டவருக்கு வேண்டியது தேடல் மட்டும். 11,000 பதிவு என்பது ஒரு கோப்புக்குள் அடங்கும் அளவு. தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், அலமாரி எண் மட்டும் என்றால் சுருக்கி அனுப்பும்போது ஒரு புகைப்படத்தின் கனம்தான் இருக்கும். அதை அப்படியே வாசகரின் உலாவிக்கு அனுப்பி, அங்கேயே ஜாவாஸ்கிரிப்டில் தேட வைக்கலாம். சர்வர் இல்லை, தரவுத்தளம் இல்லை, ஊடுருவப் பெரிதாக ஒன்றும் இல்லை. மாதம் ஒருமுறை விரிதாளிலிருந்து கோப்பைப் புதுப்பித்தால் போதும்.

இன்னும் கொஞ்சம் வேண்டுமென்றால் எஸ்க்யூலைட் என்ற ஒற்றைக் கோப்புத் தரவுத்தளம், அதன் மேல் அதை இணையப் பக்கமாகக் காட்டும் டேட்டாசெட் (Datasette) என்ற கருவி. பைத்தான் தெரிந்தவருக்கு ஒரு மாலை வேலை.

பட்டியலர்

குறுந்தரவு சொல்வது நல்ல யோசனைதான், மறுக்கவில்லை. ஆனால் "இருக்கிறது" என்று திரையில் பார்த்துவிட்டு வருகிறவர், அந்த நூல் நேற்றே வேறொருவர் எடுத்துப் போய்விட்டார் என்று கேட்டால்? பேருந்து ஏறி வந்து திரும்பும் அதே கதைதான். நூல் உள்ளே இருக்கிறதா வெளியே போயிருக்கிறதா என்பது தெரிய வேண்டுமானால் வழங்கலும் பட்டியலும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும்.

அலமாரி_7

அக்கா, இது என் மண்டையில் ஏறவே இல்லை இத்தனை நாளும். எங்களிடம் அதிகம் கேட்கப்படும் நூல்கள்தான் எப்போதும் வெளியே இருப்பவை. அப்படியானால் வழங்கலையும் நோட்டிலிருந்து எடுக்க வேண்டும்.

கருந்திரைக்கு: தனி சர்வர் எடுக்க அறக்கட்டளை தயார். பதிவு போடுபவர் இரண்டு பேர். நான் இல்லாமல் போனால் யார் என்பதற்கு இன்னும் பதில் இல்லை.

எழுத்துரு

தமிழில் ஒழுங்காகக் கிடைக்குமா என்ற கேள்வியை எல்லோரும் தாண்டிப் போய்விட்டீர்கள். எனக்கு அதுதான் முதல் கேள்வி. தமிழ்த் தேடல் எங்கெங்கே உடையும் என்று நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

யூனிகோட் கணக்கில் புள்ளியும் ஈகாரக் குறியும் (கீ-யில் மேலே வரும் அந்தச் சுழி) இடம் பிடிக்காத குறிகள் என்ற வகையில் இருக்கின்றன. பிரெஞ்சு எழுத்தின் தலையில் வரும் சாய்கோடும் இதே வகைதான். மேலை மொழிகளுக்காக எழுதப்பட்ட தேடுபொறி அமைப்புகள் பலவற்றில் "தலைக்குறிகளை நீக்கிவிட்டுத் தேடு" என்று ஒரு விதி இருக்கும். பிரெஞ்சுக்கு அது உதவி. தமிழுக்குப் பேரிடி. அந்த விதி ஓடினால் கீரை என்று தேடியவருக்குக் கரை வரும். பீடமும் படமும் ஒன்றாகிவிடும். ஆகாரம், இகரம், உகரக் குறிகள் வேறு வகை என்பதால் அவை தப்பித்துவிடும். அதனால் பாதித் தேடல் சரியாக வந்து, பாதி தப்பாக வரும். காரணம் தெரியாமல் மாதக்கணக்கில் தவிப்பார்கள்.

கோஹாவின் வழக்கமான தேடுபொறி ஜீப்ரா. அதில் அட்டவணை (தேடலுக்கான சொல் வரிசை) போட இரண்டு வழி உண்டு, சிஎச்ஆர், ஐசியூ. தமிழுக்கு ஐசியூதான். நிறுவும்போதே அதைத் தேர்ந்துகொள்ளுங்கள். பிறகு அதன் அமைப்புக் கோப்பைத் திறந்து நான் சொன்ன நீக்கும் விதி இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். எலாஸ்டிக்சர்ச் என்ற மாற்றுத் தேடுபொறியை வைத்தாலும் இதே சோதனை. மாற்றினால் முழு அட்டவணையையும் மறுபடி போட வேண்டும், இல்லாவிட்டால் மாற்றம் தெரியாது.

குறுந்தரவு சொன்ன எஸ்க்யூலைட்டில் வேறு கோளாறு. அதன் முழுவுரைத் தேடலில் இயல்பான சொல்பிரிப்பான் எழுத்தையும் எண்ணையும் மட்டும் சொல்லின் பகுதியாக எடுத்துக்கொள்ளும். உயிர்க்குறியும் புள்ளியும் வந்தால் சொல் அங்கே முடிந்துவிட்டது என்று நினைக்கும். "நூலகம்" துண்டு துண்டாகிவிடும். அட்டவணை உருவாக்கும்போது குறி வகைகளையும் சேர்த்துக்கொள் என்று சொன்னால் சரியாகும். மூன்றெழுத்துத் துண்டு முறையும் உண்டு. ஆனால் "தீ" என்பது கணினிக்கு இரண்டே குறி, அதனால் அம்முறையில் தனியாகத் தேடினால் அகப்படாது. ஜாவாஸ்கிரிப்டில் எழுதினாலும் இதே எச்சரிக்கை: ஆங்கில எழுத்தை மட்டும் சொல் என்று கொள்ளும் பழைய பாணி விதிகள் தமிழ்ச் சொல்லை முழுசாகத் துடைத்துவிடும்.

அடுத்தது, பார்வைக்கு ஒன்று, உள்ளே வேறு. "கொ" என்பதை ஒற்றைக் குறியாகவும் வைக்கலாம், எகரக் கொம்பு, கால் என இரண்டாகவும் வைக்கலாம். இதை யூனிகோடின் சீராக்கம் தானே சரிசெய்துவிடும், ஏற்றுவதற்கு முன் ஒருமுறை ஓட்டினால் போதும். ஆனால் "கௌரவம்" என்பதை "கெளரவம்" என்று ளகரம் போட்டு அடித்திருந்தால் எந்தச் சீராக்கமும் தொடாது, நீங்கள்தான் தேடிப் பிடிக்க வேண்டும். "ஸ்ரீ"-க்கும் இரண்டு பிறவி: பழையது ஸகரத்தில், புதியது 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தில். திரையில் வித்தியாசமே தெரியாது.

புணர்ச்சி இன்னொரு தலைவலி. தலைப்பில் "தமிழ்ச் சிறுகதைகள்" என்றிருக்கும், தேடுபவர் "தமிழ் சிறுகதை" என்று அடிப்பார். சொல் முழுசாகப் பொருந்த வேண்டும் என்றால் ஒன்றும் கிடைக்காது. கோஹாவில் தானாக வால் வெட்டித் தேடும் அமைப்பு இருக்கிறது, அதை இயக்கினால் "தமிழ்" என்று தொடங்கும் எல்லாம் வரும். ஆனால் "மரம்" என்று தேடியவருக்கு "மரங்கள்" வராது, மகரம் இடையில் நிற்கிறதே. "மர" என்று தேடினால் "மரபு" வந்து நிற்கும். லூசீன் என்ற தேடல் நிரல் தொகுப்பில் தமிழுக்கென்று பகுப்பான் இருக்கிறது, வேர்ச்சொல் வெட்டும். ஓரளவு உதவும், முழுத் தீர்வு என்று நம்பிவிட வேண்டாம்.

நூல்தேடி

நான் நூலகரும் இல்லை, நிரலரும் இல்லை. வாரம் மூன்று நாள் நூலகப் பட்டியல்களில் தேடுகிறவன். என் பக்கத்திலிருந்தும் கொஞ்சம் கேளுங்கள்.

நான் தலைப்பை முழுசாக அடிப்பதே இல்லை. ஞாபகம் இருக்கும் ஒரு சொல், ஆசிரியர் பெயரில் பாதி, அவ்வளவுதான். தலைப்பெழுத்தை நான் புள்ளியோடு அடிப்பேனா, இடைவெளி விடுவேனா என்று எனக்கே தெரியாது. "ஆசிரியர்", "தலைப்பு", "பொருள்" என்று நான்கு பெட்டி வைத்த பக்கத்தைப் பார்த்தால் எதில் அடிப்பது என்றே குழம்புவேன். ஒரே பெட்டி வையுங்கள்.

"முடிவுகள் இல்லை" என்று வெறும் பக்கம் காட்டும் பட்டியலுக்கு நான் இரண்டாம் முறை போவதில்லை. இன்னொன்று, ஆங்கில எழுத்தில் தமிழ்ப் பெயரை அடிக்கும் ஆட்கள் நிறைய. கைப்பேசியில் தமிழ் விசைப்பலகை போடாதவர்களை வெளியே நிறுத்திவிடாதீர்கள்.

அட்டைப் படம் இல்லாவிட்டால் பரவாயில்லை. அலமாரி எண் இல்லாவிட்டால்தான் கோபம் வரும்.

பட்டியலர்

நூல்தேடி சொன்னதற்கெல்லாம் பட்டியல் பக்கத்திலிருந்து பதில் இருக்கிறது.

பெயருக்கு: அதிகாரப் பதிவு. ஒரு ஆசிரியருக்கு ஒரு தலைமைப் பெயர் வைத்து, புனைபெயர், தலைப்பெழுத்து மாறிய வடிவம், ரோமன் எழுத்து வடிவம் எல்லாவற்றையும் 400-ஆம் புலத்தில் "இதைத் தேடினால் அங்கே போ" என்று கட்டிவிடலாம். தமிழில் புனைபெயர் இல்லாத எழுத்தாளரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும், அதனால் இந்த உழைப்பு வீண் போகாது. உங்களிடம் எத்தனை ஆசிரியர் இருந்தாலும் அதிகம் தேடப்படும் 200 பெயருக்கு முதலில் செய்யுங்கள்.

ரோமன் எழுத்துக்கு: 880-ஆம் புலம். ஒரே தலைப்பை இன்னொரு எழுத்து வடிவிலும் இணைத்து வைக்க அதற்காகவே இருக்கிறது. இசட்39.50 என்ற நூலகப் பதிவுப் பரிமாற்ற நெறி வழியாக அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்திலிருந்து தமிழ் நூலின் பதிவை இறக்கினால் பெரும்பாலும் ரோமன் எழுத்தில்தான் வரும், ழகரத்துக்கு அடிக்கோடிட்ட ஆங்கில எழுத்து என்று ஆய்வாளர் முறையில். அதை அப்படியே விட்டுவிட்டால் உங்கள் வாசகர் யாருக்கும் கிடைக்காது. 245-இல் தமிழ், 880-இல் ரோமன் என்று மாற்றி வையுங்கள். சாதாரண வாசகர் அடிப்பது போன்ற எளிய எழுத்துக்கூட்டலை 246-இல் மாற்றுத் தலைப்பாகச் சேர்த்தால் இன்னும் நல்லது.

மொழி வடிகட்டி வேண்டுமானால் 008-ஆம் புலத்தில் 35 முதல் 37 வரையுள்ள இடத்தில் தமிழுக்கான மூன்றெழுத்துக் குறி இருக்க வேண்டும். விரிதாளிலிருந்து மாற்றுபவர்கள் எப்போதும் மறப்பது இதைத்தான்.

அலமாரி_7

வின்ஐசிஸில் இருக்கும் 3,000 பதிவுகளை என்ன செய்வது? ஐஎஸ்ஓ 2709 என்ற பரிமாற்ற வடிவக் கோப்பாக ஏற்றுமதி செய்துவிட்டேன். அதை அப்படியே எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கினால் போதுமா?

எழுத்துரு

நிறுத்துங்கள், அப்படிச் செய்யாதீர்கள்.

ஐஎஸ்ஓ 2709-இல் ஒவ்வொரு பதிவின் தலையிலும் ஒரு அடைவு இருக்கும்: இந்தப் புலம் இத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது, இத்தனை பைட் நீளம் என்று. பாமினியில் ஒரு எழுத்து வடிவம் ஒரு பைட், யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். உள்ளே இருப்பதை மாற்றி, தலையில் இருக்கும் கணக்கை மாற்றாமல் விட்டால் பதிவு எதுவுமே திறக்காது.

அதைவிடப் பெரிய ஆபத்து, பாமினி என்பது ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் வடிவம் போட்டது. ஐசிஸ் துணைப்புலத்தைக் குறிக்கும் கூரைக்குறியும் ஆங்கில "ஏ"-வும் மாற்றிக்குள் போனால் "டூ"-வும் "ய"-வுமாக வெளியே வரும். கட்டுமானமே போச்சு. ஆங்கிலத் தலைப்புள்ள நூல்களும் அர்த்தமில்லாத தமிழ் எழுத்துக் குவியலாகிவிடும்.

முதலில் புலம் புலமாகப் பிரித்து விரிதாள் போல ஆக்குங்கள், துணைப்புலக் குறிகளைத் தனி நெடுவரிசைகளாக்குங்கள். எது தமிழ், எது ஆங்கிலம் என்று ஒரு நெடுவரிசையில் குறியுங்கள். ஐஎஸ்பிஎன், விலை, பக்கம், பகுப்பு எண் இவற்றைத் தொடவே வேண்டாம். தமிழ் உள்ள அறைகளை மட்டும் மாற்றியில் போடுங்கள். என்.எச்.எம். கன்வெர்ட்டர் பாமினி, டிஸ்கி, டாம் ஆகிய பழைய குறியாக்கங்கள் எல்லாம் அறியும். முடிந்ததும் 100 பதிவை நூலோடு வைத்து ஒப்பிடுங்கள். கோப்பின் மூலப் பிரதியை மட்டும் எக்காரணம் கொண்டும் அழித்துவிடாதீர்கள்.

சின்னவிதை

விரிதாளிலும் ஒரு பொறி இருக்கிறது. 13 இலக்க ஐஎஸ்பிஎன்னை எண்ணாக நினைத்துச் சுருக்கிவிடும், 00452 என்ற பதிவேட்டு எண்ணை 452 ஆக்கிவிடும். அந்த நெடுவரிசைகளைத் திறக்கும்போதே எழுத்து வகை என்று சொல்லிவிட வேண்டும். சிஎஸ்வியாகச் சேமிக்கும்போது யூடிஎஃப்-8 என்று தனியாகத் தேர்ந்தெடுக்காவிட்டால் தமிழ் முழுக்கக் கேள்விக்குறியாக மாறிவிடலாம். எனக்கு 600 பதிவு அப்படிப் போயிருக்கிறது, மறுபடி உட்கார்ந்து அடித்தேன்.

கருந்திரை

சர்வர் பக்கம் சுருக்கமாக.

கோஹா பெர்ல், மரியாடிபி, அப்பாச்சி கூட்டணி. டெபியன் பொட்டலமாகவே போடுங்கள், மூல நிரலை இறக்கிக் கட்ட வேண்டாம். உங்கள் அளவுக்கு 4 ஜிபி நினைவகம் தாராளம். எலாஸ்டிக்சர்ச்சும் வேண்டுமென்றால் இன்னும் கூட்டுங்கள். ஆண்டுக்கு இரண்டு புதிய பதிப்பு வரும், மே மாதமும் நவம்பரும். வந்த அன்றே ஓட வேண்டாம், சில வாரம் பொறுத்து ஏற்றுங்கள்.

ஓபேக் முகவரி ஊருக்குத் திறந்திருக்கலாம். ஊழியர் முகவரியை நூலகத்தின் இணைப்புக்கு மட்டும் திறந்து வையுங்கள். வாசகர் என்னென்ன நூல் எடுத்தார் என்ற வரலாற்றைத் தேவையில்லாமல் சேர்த்து வைக்காதீர்கள். கோஹாவில் பெயரை நீக்கும் வசதி இருக்கிறது, முதல் நாளே இயக்குங்கள். ஒருவர் என்ன படிக்கிறார் என்பது அவருடைய சொந்த விஷயம்.

தேடல் பக்கங்களைத் தானியங்கி வலைநிரல்கள் வந்து இடைவிடாமல் தட்டும். ஒவ்வொரு வடிகட்டி இணைப்பையும் பின்தொடர்ந்து போய் சர்வரைப் படுக்க வைத்துவிடும். தளவரைபடம் கொடுத்து நூல் பக்கங்களுக்கு மட்டும் வழிவிடுங்கள், வடிகட்டிப் பக்கங்களைத் தடுத்துவிடுங்கள்.

காப்புநகல் தினமும், வேறொரு இடத்தில். மாதம் ஒருமுறை அதை உண்மையிலேயே மீட்டுப் பாருங்கள்.

ஒன்று சொல்ல மறந்தேன். யாராவது நிறுவனத்திடம் ஒப்படைக்க நினைத்தால் ஒப்பந்தம் போடும் முன்பே கேளுங்கள்: "எங்கள் முழுத் தரவையும் மார்க் கோப்பாக, வழங்கல் விவரத்தோடு, நாங்கள் கேட்டவுடன் தருவீர்களா?" நான் உதவப் போன ஒரு நூலகத்தில் விற்றவர் மென்பொருளை நிறுத்திவிட்டார். தரவை எடுக்க வழியில்லை. ஓபேக் பக்கங்களை ஒவ்வொன்றாக நிரல் வைத்துப் படித்து 9,000 பதிவை மீட்டோம். பொருள் தலைப்புகள் எதுவும் திரும்ப வரவில்லை.

அலமாரி_7

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். நிறைய நடந்திருக்கிறது.

முதலில் ஒரு சின்ன வேலை செய்தேன். நூலக மேசையில் ஒரு நோட்டு வைத்து, வாசகர்கள் வாய்மொழியாக என்ன கேட்கிறார்களோ அதை அப்படியே எழுதச் சொன்னேன். பத்து நாளில் 30 கேள்வி வித்தியாசமாகத் தேறியது. "அந்தக் கிணறு பற்றிய நாவல்", "குழந்தை வளர்ப்பு", ஒரு ஆசிரியரின் புனைபெயர் மட்டும், இப்படி.

பிறகு 1,000 பதிவை மட்டும் ஓப்பன்ரிஃபைனில் துப்புரவாக்கி, மார்க்எடிட்டில் மார்க் ஆக்கி, சோதனைக் கோஹாவிலும் ஸ்லிம்ஸிலும் ஏற்றினேன். கேட்கப்பட்ட 30 நூலும் அந்த ஆயிரத்தில் இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். குறுந்தரவு சொன்ன ஒற்றைக் கோப்புப் பக்கமும் செய்தேன். மூன்றிலும் அதே 30 கேள்வி.

முதல் சுற்றில் மூன்றுமே 20-ஐத் தாண்டவில்லை. கவலையோடு உட்கார்ந்து ஒவ்வொரு தோல்வியாகப் பார்த்தேன். பெரும்பாலானவை எங்கள் பதிவின் தப்பு: பொருள் தலைப்பே இல்லை, புனைபெயர் இல்லை, "கெளரி" மாதிரி எழுத்து. கோஹாவில் இரண்டு மட்டும் எழுத்துரு சொன்ன குறி நீக்கும் விவகாரம். "கீரை" தேடியதற்குக் கடற்கரை பற்றிய நூல் ஒன்று, "கரை" என்று தலைப்பில் இருப்பது, முதலில் வந்தது. அவர் எழுதியிருக்காவிட்டால் என்ன ஏது என்று தெரியாமலே போயிருக்கும்.

விதியை நீக்கி, மறு அட்டவணை போட்டு, அந்த நூல்களுக்குப் பொருள் தலைப்புச் சேர்த்ததும் கோஹாவில் 27 வந்தது. ஒற்றைக் கோப்பில் 25. ஸ்லிம்ஸில் 24.

எழுத்துரு

மீதி மூன்று எவை?

அலமாரி_7

"மரங்கள் பற்றி" ஒன்று, நீங்கள் சொன்ன மகரத்தில் மாட்டியது. இன்னொன்றில் தலைப்பில் "க்ஷ" உள்ள சொல். கண்ணுக்குத் தெரியாத இணைப்புத் தடுப்பான் உள்ளே ஒளிந்திருக்கிறது போல. மூன்றாவது "அந்தக் கிணறு பற்றிய நாவல்". அது எந்த நூல் என்று எங்கள் நூலகர் உடனே சொல்லிவிட்டார். பட்டியலில் கிணறு என்ற சொல்லே இல்லை.

எழுத்துரு

இரண்டாவதற்கு: ஏற்றும் முன் இப்படிப்பட்ட அகலமில்லாக் குறிகளை மொத்தமாக நீக்கிவிடுங்கள். அட்டவணை போடும்போதும் அதே நீக்கம் இருக்கட்டும், வாசகர் அடிப்பதிலும் வரலாம்.

பட்டியலர்

மூன்றாவதற்கு: 520-ஆம் புலம். உள்ளடக்கச் சுருக்கம், இரண்டு வரி. உங்கள் நூலகரின் தலையில் இருப்பதை அங்கே எழுத வையுங்கள். அவர் ஓய்வு பெறுவதற்குள். தினம் பத்து நூல் என்றால் போதும்.

அலமாரி_7

அக்கா, அதை நேற்றே தொடங்கிவிட்டோம். அவர் சொல்கிறார், நான் அடிக்கிறேன். இதுவரை 46 நூல்.

முடிவைச் சொல்லிவிடுகிறேன். ஒற்றைக் கோப்புப் பக்கத்தை அடுத்த வாரம் வெளியிடுகிறோம். இருக்கிறதா இல்லையா, எந்த அலமாரி என்பது மட்டும், "நூல் வெளியே போயிருக்கலாம், அழைத்துக் கேட்டுவிட்டு வாருங்கள்" என்று மேலேயே எழுதி. அதே கோப்பிலிருந்து மார்க் ஆகிக் கோஹாவுக்குப் போகும். முழுத் தரவும் துப்புரவாக ஆறு மாதம் ஆகும். வழங்கலும் அப்போதுதான் மாறும். சர்வரைக் கவனிக்க அறக்கட்டளையில் இன்னொருவர் கற்றுக்கொள்ள முன்வந்திருக்கிறார்; நான் செய்கிற ஒவ்வொன்றையும் அவர் ஒருமுறை தனியாகச் செய்து பார்க்கிறார். காப்புநகலிலிருந்து மீட்டதும் அவர்தான்.

ஒரு கேள்வி மட்டும் பாக்கி. பார்கோடு ஒட்டாத நூல்கள் 7,000 இருக்கின்றன. கோஹாவில் பிரதி விவரம் வைக்கும் 952-ஆம் புலத்தில் பார்கோடு இடத்தில் இப்போதைக்குப் பதிவேட்டு எண்ணையே போட்டுவிட்டு, ஒட்டும்போது மாற்றலாமா?

பட்டியலர்

மாற்றவே வேண்டாம். பதிவேட்டு எண்ணையே பார்கோடாக அச்சடித்து ஒட்டுங்கள். முன்னால் சுழியம் போட்டு எல்லாவற்றையும் ஒரே நீளமாக்கிக்கொள்ளுங்கள். ஒரே எண் இரண்டு நூலுக்குப் பதிவேட்டில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், கட்டாயம் இருக்கும்.

அலமாரி_7

பார்த்தேன். 38 இருக்கிறது. நாளை பதிவேட்டையும் நூல்களையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்காருகிறோம்.